ஒன்பதாவது சொடுக்கு

வீடு டுவேனுக்கு.
நாய் எனக்கு.
காரை எப்படி அறுப்பது என்று
இரண்டு வக்கீல்களுக்கும் தெரியவில்லை.
ஆளுக்குப் பாதி என்று எழுதிப்
பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள்.

அதனால் மாதம் ஒரு ஞாயிறு
நெப்ராஸ்காவில், விமானம் இறங்காத ஓடுதளத்தில்,
அறுத்த சோளத்தட்டைகளுக்கு நடுவே சந்திக்கிறோம்.
தொண்ணூற்றொன்பதாம் வருடத்து மியாட்டா.
சிவப்பாகத்தான் வாங்கினோம்,
வெயில் அதைச் செங்கல் நிறமாக்கிவிட்டது.
கதவில் இரண்டு எண்கள்:
நாற்பத்தொன்று அவன்,
முன்னால் ஒரு ஒன்று ஒட்டினால் நான்.

பந்தயம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.
ஆரஞ்சுக் கூம்புகள், சாக்பீஸ் கோடு,
ஒரு நேரத்தில் ஒரே வண்டி,
ஐம்பது நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.
பரிசு ஒரு காப்பிக் கோப்பை.
அதற்காக வாரம் முழுக்கச்
சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று
நூல் கட்டி அளக்கிறோம்,
அவன் செவ்வாய், நான் வியாழன்,
ஒருவர் அளந்ததை மற்றவர் நம்பாமல்.
பொய்ப்பல் செய்கிறவள் நான்;
அரை மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

டுவேனுக்கு வால் ஆட வேண்டும்.
வளைவுக்குள் பிரேக்கை விட்டதும்
பின்பாகம் தானே சுற்றி வந்து
வண்டி அடுத்த கூம்பை முறைக்க வேண்டும்.
எனக்கு வால் கிடந்த இடத்தில் கிடக்க வேண்டும்.
மூக்கு கொஞ்சம் வெளியே தள்ளினால் தள்ளட்டும்,
காத்திருக்கத் தெரியும் எனக்கு,
பதினொரு வருடம் காத்திருந்தவள்.

பின்பக்க ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு குமிழ்.
திருப்பினால் சொடுக்கும்.
அவனுக்கு ஒன்பது. எனக்கு நான்கு.
அவன் இறங்கி நான் ஏற நடுவே மூன்று நிமிடம்.
செடிக்கு மருந்தடிக்கும் குழாயால்
டயருக்குத் தண்ணீர் அடிக்கிறேன், ஆவி எழும்புகிறது.
அவன் குனிந்து எண்ணுகிறான்,
எட்டு, ஏழு, ஆறு.
காற்று முப்பத்தைந்துக்கு ஏறியிருக்கிறது,
இரண்டு இறக்கு என்கிறேன்.
ஒன்றரை என்கிறான்.
டயர் விளிம்பில் பூசிய சாக்பீஸ்
எதுவரை தேய்ந்திருக்கிறதோ அதுதான் தீர்ப்பு.
அது யார் கட்சியும் இல்லை.

செப்டம்பரில், என் கடைசி ஓட்டத்துக்கு முன்,
மூன்றாம் முனையில் யாரையோ குளவி கொட்டிவிட்டது.
டுவேன் ஐஸ் பையோடு ஓடினான்.
குமிழைத் தொடவில்லை.
கோரின் கொடியை உயர்த்திவிட்டாள்.
நான் இறங்கித் திருப்பியிருக்கலாம்.
கையுறையைக் கழற்றக்கூடச் செய்தேன்.
திரும்பவும் மாட்டிக்கொண்டேன்.

முதல் வளைவிலேயே தெரிந்தது,
இது அவன் படுத்த மெத்தையின் பள்ளம்.
பாதம் லேசாக எழுந்ததும்
இடுப்புக்குக் கீழே எல்லாம் கழன்றது,
கூம்புகள் பக்கவாட்டில் ஓடின,
கை என்னைக் கேட்காமல் எதிர்ப்பக்கம் ஒடித்தது,
பிடித்துவிட்டேன்,
அடுத்த கூம்பு நேர் எதிரே
கூப்பிட்டு வந்ததுபோல் நின்றது.

இதைத்தானா.
இத்தனை வருடமும் சாப்பாட்டு மேசையில்
உப்புக்குப்பியை நகர்த்தி நகர்த்திக்
காட்டிக்கொண்டிருந்தது இதைத்தானா.

நாற்பத்தெட்டு புள்ளி ஆறு.
என் கைக்கு இதுவரை வராத நேரம்.
கடைசி வாசலில் ஒரு கூம்பு மல்லாந்திருந்தது:
இரண்டு நொடி தண்டனை,
நான்காம் இடம்,
காப்பிக் கோப்பை யாரோ ஒரு பையனுக்கு.

டுவேன் வந்தான், கையில் ஐஸ் சொட்ட.
பின்டயர் பக்கம் குந்தினான்.
"எத்தனையில் ஓட்டினாய்?"
"நான்கு."
சரி என்று தலையாட்டினான்.
தேய்ந்த சாக்பீஸின் மேல் கட்டைவிரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.
பிறகு ஜாக்கை எடுக்கப் போனான்.