காரு காருதோந்தி

முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவு.
மறுநாள் காலை அடை அளவு.
இன்ஜின் ஆயிலென்றால் கறுத்திருக்கும்,
ஏ.சி. தண்ணீரென்றால் வெறும் தண்ணீர்.
இது சிவப்பு.
தொட்டு முகர்ந்தேன்.
தீய்ந்த வாசனை இல்லை, அதுவரை நிம்மதி.

பள்ளிப்பட்டில் வீடு, நகரியில் பிழைப்பு.
தறிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன்.
மாநிலம் மாறும் இடத்தில்
தார் ரோட்டின் நிறம் மாறும்,
பெட்ரோல் விலை மாறும்.
இருபது வருஷத்துச் சாண்ட்ரோவுக்குக்
கிளட்ச் கிடையாது.
மூன்று வயதுக் காய்ச்சலிலிருந்து
என் இடது கால் தூங்கிக்கொண்டே வரும்.
வலது கால் சம்பாதிக்கும்,
இது உட்கார்ந்து சாப்பிடும்.
எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் அப்படி.

திருத்தணி ஜெயசீலன் பானட்டைத் திறக்கவே இல்லை.
"ஆட்டோமேட்டிக்கா? கழட்டிக் கடாசிட்டு
கியர் வண்டியா மாத்திடலாம் மேடம்.
நாப்பதாயிரம். அப்புறம் தொல்லையே இல்ல."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
ஊன்றுகோல் முன் சீட்டிலேயே
அவர் கண்ணில் படும்படிதான் கிடந்தது.

இன்னொருவர் ஒரு டப்பா தந்தார்,
ஊற்றினால் ஒழுகல் நிற்குமாம்.
இரண்டு நாள் நின்றது.
மூன்றாம் நாள்
டப்பாவின் காசும் சேர்ந்து ஒழுகியது.

அடியில் புடவைக் கடை அட்டையை விரித்தேன்.
காலையில் எழுந்ததும் பேப்பருக்கு முன்னால் அதைப் படித்தேன்.
திங்கள் ஏழு சொட்டு. செவ்வாய் ஒன்பது.
புதன் மழை, கணக்கில்லை.
வியாழன் பதினைந்து. அன்றைக்குத்தான்
ரயில்வே கேட் மேட்டில்
இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை.
ஒரு நொடி.
இரண்டு.
பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பிடித்தது.
யாரும் உதைக்கவில்லை, கரும்பு லாரி நின்றிருந்தது.
அவன் அடித்த ஹாரனில்
என் ஏழு தலைமுறையும் இருந்தது.

ஞாயிறு. நகரி, ரெட்டெப்பா ஷெட்.
அவர் மகள் பாவனி குனிந்து பார்த்துக்
கைதட்டிச் சிரித்தாள்:
"நானா, காரு காருதோந்தி!"
தெலுங்கில் காருவதென்றால் ஒழுகுவது.
தமிழில் கார் என்றால் மழைமேகம்.
எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும்
இந்தப் பெயரை வைத்துக்கொண்டு
ஒழுகாமல் என்ன செய்யும்?

ரெட்டெப்பா சிரிக்கவில்லை.
பான் போல்ட்டுகளை விரலால் தடவினார், முறுக்கவில்லை.
பெட்ரோல் துணியால் அடிவயிறு முழுக்கத் துடைத்துவிட்டு
மகளின் பவுடர் டப்பாவைக் கேட்டார்.
அவள் தரமாட்டேன் என்றாள்.
பத்து ரூபாய் நான் கொடுத்தேன்.
கூத்துக்கு வேஷம் கட்டுவதுபோல்
கியர் பெட்டி முழுக்க அப்பினார், சந்தன வாசனை.
"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

மலையின் மூக்கு நேரே தெரியும் திருப்பம்வரை போய் வந்தேன்.
ஜாக்கி போட்டுத் தூக்கினால்
வெள்ளை முகத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு.
பெட்டி இல்லை, சீல் இல்லை.
ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்,
கிளிப் கடித்த இடத்தில்
குதிகால்போல் வெடித்திருந்தது.

குழாய் நூற்றெண்பது. கிளிப் இரண்டு, நாற்பது.
எண்ணெய் ஒன்றரை லிட்டர்,
இன்ஜின் ஓட ஓடக் குச்சியை இழுத்துத் துடைத்து,
மறுபடி விட்டு, மறுபடி இழுத்து,
சூட்டுக் கோட்டைத் தொடும்வரை
சங்கில் மருந்து புகட்டுவதுபோல.
கூலி எவ்வளவு என்றேன்.
"ஒரு நோட்டீஸ் வந்திருக்கு மேடம்,
அதுல எங்க ஒழுகுதுன்னு பாருங்க."
பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.
மார்ச் மாதத்தில் ஒழுகியது.

மறுநாள் அட்டையில் ஒரு சொட்டு.
முந்தைய எண்ணெயின் மிச்சமாயிருக்கும்.
பேனா எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
திங்கள், ஒன்று.