படத்தில் விழாத கல்

வால்பராய்சோவில் தபால்காரருக்கு
முகவரி என்பது
எத்தனையாவது படி என்பதுதான்.

யாஸ்னா மார்தோனெஸ், வயது நாற்பத்தேழு,
பதினெட்டு வருடமாய் ஒரே குன்று.
என் எக்ஸ்ரே மேசையில் உட்கார்ந்ததும்
வலது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து
இரண்டு தட்டுத் தட்டினாள்.
எதுவும் விழவில்லை.
“கல் இருக்கு,” என்றாள்.
“தினமும் இருக்கு. தேடினா இல்ல.”

தகட்டின் குளிரில் விரல்கள் சுருண்டன.
அசையாதீங்க என்று சொல்லிவிட்டு
சுவருக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் வந்தது முன்பாதம்.
நீண்ட எலும்புகள் ஐந்து, விரல்களுக்குப் பதினான்கு;
மற்ற விரலுக்கெல்லாம் மூன்று மூன்று,
கட்டைவிரலுக்கு இரண்டோடு கை மூடிக்கொண்டது.
அதற்கு ஈடாகவோ என்னவோ
அடியில் இரண்டு எள்ளெலும்புகள்,
பெயரில்தான் எள், அளவில் பட்டாணி.
படிக்குப் படி அவள் உந்தி எழும்போதெல்லாம்
அவளையும் பையையும் வாங்கிக்கொள்பவை.

கட்டைவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்திருந்தது,
அடுத்த வீட்டுச் சண்டையை
ஒட்டுக்கேட்கிறவள் மாதிரி.
அதன் மூட்டில் புடைப்பு.
இரண்டாம் விரல் சுத்தியலாய் மடங்கத் தொடங்கியிருந்தது.
இதெல்லாம் வலிக்கலையா?
“அதெல்லாம் என்னோடது.
கல்லுதான் வேற யாரோடதோ.”

மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு நடுவே
வெறும் கறுப்பு.
என் கருவி எலும்போடு மட்டும்தான் பேசும்.
இரண்டு எலும்புத் தலைகளுக்கிடையே நசுங்கி
நரம்பு தடித்துக் கத்தினாலும்
படத்தில் அது காலியிடம்.

‘குறிப்பிடும்படி ஒன்றுமில்லை’ என்று எழுதவேண்டிய கட்டத்தில்
பேனா நின்றது.

என் வேலையில்லாத ஒன்றைச் செய்தேன்.
முன்பாதத்தை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து
நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன்.
உள்ளே ஏதோ டக்கென்று நழுவியது.
துறைமுகத்தில் மட்டும் புழங்கும் ஒரு வார்த்தை சொன்னாள்.
பிறகு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்,
இத்தனை நாளும் நம்பாதவர்களை
ஒவ்வொருவராய் எண்ணுவதுபோல.
புருஷன். மேலதிகாரி. ஷூ கடைக்காரன்.

ஆகஸ்டில், மழையோடு, மறுபடி வந்தாள்.
அகலமான ஷூ. உள்ளே ஒரு சிறு திண்டு.
டாக்டர் இனோஸ்ட்ரோசா
போட்ட ஊசி ஒன்றோ இரண்டோ.
புடைப்புக்காகத்தான் இந்த முறை படம்.

உட்கார்ந்ததும், பழைய வழக்கத்தில்,
கழற்றிக் கவிழ்த்தாள். தட்டினாள்.

மேசைமேல் உருண்டது ஒரு கல்.
சாம்பல் நிறம், ஒரு முனை உடைந்தது,
எள் இல்லை, நல்ல பட்டாணி.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இது இருந்ததே தெரியலையே,” என்றாள்.