தண்டல் அட்டை

எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பேன்.
நாளுக்கு நூறு, நூறு நாள்.
இடையில் உள்ள கணக்கை யாரும் கேட்டதில்லை.
கிருபாவதி கேட்டாள்:
"குடுக்காத ஆயிரத்தி ஐந்நூறுக்கும்
நான்தான் கட்டணுமா? இன்னா தண்டல் இது?"
கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்போது அவளிடம் இருந்தது ஒரு தள்ளுவண்டி,
ஒரு பம்ப் ஸ்டவ்,
காசிமேட்டில் விடியுமுன் ஏலம் கேட்கிற தொண்டை.
வஞ்சிரத்தின் பக்கம் திரும்பமாட்டாள்.
கானாங்கெளுத்தி, காரப்பொடி,
கூடையின் அடியில் நசுங்கிக் கிடப்பது எதுவோ
அது.

துறைமுகத்துக்குள் நுழைய
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றரை நாள் நிற்கும்.
திட்டாத ஆள் இல்லை அந்த நெரிசலை.
அவள் மட்டும்தான் அதில்
எழுந்து போக முடியாத வாடிக்கையாளர்களைப் பார்த்தாள்.
டயர்களுக்கு நடுவே தட்டோடு நடந்தாள்.
நெல்லூர்க்காரனுக்குக் காரம் கூட்டி,
அரியானாக்காரனுக்கு மீனை விட்டுவிட்டு
அதே மசாலாவில் உருளைக்கிழங்கு.
"கானா, கானா" என்று கூவிக்கொண்டு போவாள்.
பாடப்போகிறாள் என்று
எங்கள் தெருப் பையன்கள் டப்பாவில் தாளம் தட்டுவார்கள்.

மீனுக்குத் தடைக்காலம் அறுபத்தோரு நாள்.
தண்டலுக்கு ஏது?
முட்டைத் தொக்கு போட்டாள், கருவாடு போட்டாள்.
போலீஸ் வண்டியைத் தூக்கிப்போன அன்றைக்கும்
வெறும் காதோடு வந்து
நூறை நீட்டினாள்.

ஒரு மழை வாரத்தில் அட்டை நனைந்து
மை ஓடிவிட்டது.
அறுபத்தெட்டா, அறுபத்தொன்பதா?
எனக்குத் தெரியும்.
அறுபத்தெட்டு என்று எழுதினேன்.
அவள் அட்டையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
எண்ணெய் காய்ந்துவிட்டது என்று
அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு என்னிடம் அவள் வாங்கவே இல்லை.

காலடிப்பேட்டையில் நாலு மேசை போட்டாள்.
வியாசர்பாடியில் பங்குதாரன் ஒருவன்
பிரிட்ஜோடு ஓடிப்போனான்.
எட்டு மாதம் ஷட்டர் இறங்கிக் கிடந்தது.
முடிந்தாள் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.
பெரம்பூரில் ஏசி போட்டுத் திறந்தாள்.
பேங்க்காரர்கள் கடன் கொடுக்க
அவளைத் தேடி வந்தார்கள்,
ஒரு காலத்தில் நான் போனது போலவே.
காலில் ஷூ இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன ஞாயிறு மாதவரத்தில் நாலாவது கிளை.
ஆசைப்பட்டுப் போனேன்.
டோக்கன் நாற்பத்தொன்று.
என் சைக்கிள் மணி கேட்டால்
ஈரக் கையைத் துடைத்தபடி ஓடிவந்தவள்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஐஸ் கட்டி விலையை
போனில் யாரிடமோ அடித்துக்கொண்டிருந்தாள்.
வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்
முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன்.

சுறாப்புட்டு தின்றேன். நெத்திலி தின்றேன்.
பொய் சொல்லக் கூடாது,
வண்டியில் போட்ட அதே கை.

பில் வந்தது.
சாப்பாட்டுக்குக் கீழே ஜிஎஸ்டி,
ஜிஎஸ்டிக்குக் கீழே ஒரு வரி:
பழைய பாக்கி 100.

கல்லாப் பக்கம் பார்த்தேன்.
அவள் இன்னும் ஐஸில்தான் இருந்தாள்.

சட்டைப் பையில் துழாவி
நூறைத் தனியாக எடுத்து வைத்தேன்.
சர்வர் பையன் பில்லைப் பார்த்து முழித்தான்.
"சார், கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு. எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்பா.
வட்டி போட மறந்துட்டாங்க,
அதான் தப்பு."