எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்று நாலு வரை

என்ன வாசிக்கிறீர் என்று கேட்டீர், ரிஸ்மியா,
மூதூர்ப் படகு கயிறு அவிழ்க்கிற அவசரத்தில்.
கேட்டுவிட்டுப் போய்விட்டீர்.
இறங்குதுறையில் நான் பதிலோடு நின்றேன்,
மிச்சக் காசு கொடுக்க மறந்த நடத்துநர் போல.

சரி. வரிசையாகச் சொல்ல எனக்கு வராது.

ஆய்வுகூட மேசை லாச்சிக்குள் ஒரு நாவல்.
இரத்த மாதிரிகள் இயந்திரத்தில் சுழலும்
பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று பக்கம் போகும்.
அதில் ஒருவன் முதல் அத்தியாயத்திலிருந்து
வீடு விற்கப் பார்க்கிறான். இன்னும் விற்கவில்லை.
இயந்திரம் நிற்கிற நேரமெல்லாம்
வாசல்படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறான்.
அப்படியே மூடி வைக்கப் பாவமாயிருக்கிறது.

வீட்டில், யன்னல் கட்டில்,
மீன்களைப் பற்றிய தடித்த நூல் ஒன்று.
ஏதோ கந்தோர் பழசுகளைக் கழித்தபோது
கிலோக் கணக்கில் வாங்கியது.
சூடைக்கு மட்டும் நாலு பக்கம்.
சாளை, கீரி, பாரை எல்லாவற்றுக்கும்
செதிள் எண்ணி வைத்திருக்கிறார் ஒருவர்.
இவ்வளவையும் எண்ணிய மனுசனுக்குக்
கலியாணம் ஆகியிருக்குமா என்று யோசித்து யோசித்தே
இரண்டாம் தரமும் தொடங்கிவிட்டேன்.

கவிதையும் இருக்கிறது, தலையணைக்குக் கீழே.
ஒன்று வாசித்தால் நித்திரை வரும்.
இரண்டு வாசித்தால் வந்த நித்திரை போய்விடும்.
ஆகையால் ஒன்றரை.

திரும்ப வாசிப்பது என்றால்,
பதினேழு வயதில் என்னை அழவைத்த ஒன்றைப்
போன மாதம் எடுத்தேன்.
அவள் கடிதத்தைக் கிழிக்கிற இடம் வந்தது.
கண்ணீர் அவளுக்காக வரவில்லை.
அடுப்படியில் நின்று ஒரேயொரு வரி பேசுகிற
அவளுடைய தாய்க்காக வந்தது.
அந்த வரி அந்த நாளில்
இந்தப் புத்தகத்தில் இருக்கவேயில்லை, சத்தியமாக.

இதெல்லாம் சுற்றுவழி.
உவர்மலைக்குப் போக வேண்டியவள்
நிலாவெளி பஸ்ஸில் ஏறின மாதிரி.
நீர் கேட்டது உம்முடைய புத்தகத்தை.
தெரியும்.

பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.
பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வாங்கில்
விரித்தபடி வைத்துவிட்டு,
கடலை சுற்றிய தாளை எறிய எழும்பினேன்.
ஒரு நிமிடம். உண்மையைச் சொன்னால் மூன்று.
திரும்பினால் புள்ளிமான்.
இந்த ஊர் மான்களுக்குக் காட்டைத் தெரியாது,
அப்பக்கடைக் குப்பையும் லொத்தர் சீட்டும் தெரியும்.
வாயில் உம்முடைய எண்பத்தேழாம் பக்கம்.
இழுத்தேன். அதுவும் இழுத்தது.
என்னைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக,
விளங்கித்தான் விழுங்குகிற மாதிரி மென்றது.
தொண்ணூற்று நாலு வரை.

மூன்று கிழமையாக நான் வாசிப்பது அதைத்தான்,
இல்லாத எட்டுப் பக்கத்தை.
எண்பத்தாறில் அண்ணனும் தம்பியும்
கிணற்றுப் பங்கு கேட்டுக் கத்துகிறார்கள்.
தொண்ணூற்றைந்தில் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள்.
இடையில் யாரோ செத்திருப்பார்கள் என்று
ஒருநாள் வைத்துக்கொண்டேன்.
இன்னொருநாள், கிணறு வற்றிவிட்டது.
இரவுக் கடமையில்,
யன்னலுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்க,
ஒன்றும் நடக்கவில்லை,
இரண்டு பேருக்கும் பசித்தது, அவ்வளவுதான் என்று வைத்தேன்.
அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் தொண்ணூற்றைந்தின் ஓரத்தில்
உம்முடைய பென்சில், பொடி எழுத்தில்:
‘இதை நான் நம்பவில்லை.’
எதை, ரிஸ்மியா?
மான் தின்ற பக்கங்களையா,
அந்தத் தட்டையா?

வேறு பிரதி தேடினேன். அகப்படவில்லை.
திங்கட்கிழமை முதற் படகுக்கு வருவேன்,
மெலிந்துபோன உம்முடைய புத்தகத்தோடு.
ஏசும். ஏசி முடிந்ததும்
நடந்த கதையைச் சொல்ல வாயெடுப்பீர்.
சொல்லாதேயும்.
இப்ப நீர் என்ன வாசிக்கிறீர் என்று சொல்லும்.
மனமிருந்தால் அதையும் தாரும்.
எழும்பி நின்று,
மானுக்கு எட்டாத உயரத்தில் பிடித்து வாசிக்கிறேன்.