பதினெட்டாம் நாள்

டண்டினோங்கில் ஜூலை.
ஊர் முழுக்க இருமுகிறது.
பேக்கரிப் பெல்ட்டில் எனக்கு இருபுறமும்
மூக்கை உறிஞ்சுகிறார்கள்.
தேதி எண்ணுகிறவன் நான் மட்டும்தான்.

முப்பத்தெட்டு புள்ளி நாலு.
நெறி கட்டியிருக்கிறதா என்று
விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது,
அவன் வாய் வைத்த அதே இடத்துக்கு.

சொன்ன பெயர் அவனுடையதுதானோ தெரியாது.
காரின் பின்சீட்டில்
ஒரு குழந்தை இருக்கை இருந்தது,
பிஸ்கட் தூளோடு.
நான் கேட்கவில்லை. அவனும்
என்னை ஒன்றும் கேட்கவில்லை.

குகேந்திரன் கொத்தமல்லி அவித்து
இஞ்சி தட்டிப் போட்டுக்
கட்டிலடிக்கே கொண்டுவந்தான்.
"ஆரிட்டயடா தொத்தினது?"
கோப்பையை உயர்த்திப் பிடித்து
ஆவிக்குப் பின்னால் இருந்துகொண்டேன்.

கிளினிக்கில் தாதி
முழங்கை மடிப்பில் நாளம் தேடினாள்.
இன்றைய இரத்தம் முழுக்கச் சொல்லாதாம்,
ஆகஸ்டில் இன்னொருக்கால் வரட்டாம்.
"அப்படியே இருந்தாலும் மாத்திரை இருக்கு,
கிழவனாகும்வரை இருக்கலாம்" என்றாள்,
தக்காளி விலை சொல்கிற குரலில்.
அந்தக் குரலை மட்டும் வீட்டுக்குக்
கொண்டுபோகலாம்போல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்
முன்சீட்டுக்காரி தும்மினாள்,
துடைத்தாள், மறந்தாள்.
எரிச்சலாக வந்தது எனக்கு,
அவளுடைய வெறும் தடிமன்மேல்.