ஒன்று புள்ளி எட்டு ஏழு

பள்ளி அனுப்பிய தாளில்
என் நான்கு வருடமும் ஒரே எண்:
1.87.
நாலுக்கு.

மேய்ன் மாநிலத்தின் வடக்கில்
காகித ஆலையை மூடி ஆறு வருடமாகியும்
அதன் வாடை போகாத ஊர் எங்களுடையது.
ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில்
அம்மாவின் சிறுநீரகங்களும் கடையடைத்தன.

அதன்பின் எங்கள் வீட்டில்
ஒரு நாள் என்பது நான்கு பைகள்.
வயிற்றில் செருகிய குழாய் வழியே
இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும்,
சில மணி நேரம் இருந்து வெளியே வர வேண்டும்.
சர்க்கரை நோய் அம்மாவின் விரல்நுனிகளை
எப்போதோ தின்றுவிட்டிருந்தது;
மூடியைத் திருக அவளால் ஆகாது.
என்னால் ஆகும்.

உள்ளே 2000. வெளியே 2340.
உள்ளே 2000. வெளியே 1890, நர்ஸைக் கூப்பிடு.
நீலக் கோடு போட்ட நோட்டுகள், பதினொன்று.
கால் வீங்கினால் இரண்டரை சதவீதக் கரைசல்,
மூச்சு வாங்கினால் நாலேகால்.
வெளியே வந்த பையை
அச்சடித்த தாள்மேல் வைத்துப் பார்ப்பேன்.
எழுத்து தெரிந்தால் நல்லது.
கலங்கியிருந்தால் தொற்று:
நாற்பது மைல், பனியில்,
ஹீட்டர் வேலை செய்யாத காரில்.

காலைப் பை முடித்து பள்ளிக்குப் போனால்
முதல் பீரியட் பாதி போயிருக்கும்.
முதல் பீரியட் வேதியியல்.
பெல்க்கி சார் தலை நிமிராமல்
"மிஷோ, ஸோலான்ஜ். தாமதம்" என்பார்.
அறுபத்தொரு முறை சொன்னார்,
ஒரு முறையும் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.
கரைசல்கள் பற்றிய பாடத்தில் எனக்கு எஃப்.

"விண்ணப்பத்தில் உன் கஷ்டத்தை எழுது,
அவர்களுக்குப் பிடிக்கும்" என்றார்
ஆலோசகர் திருமதி வெல்லெட்.
சொன்னதும் முகம் சிவந்து
"புரியும் என்று சொல்ல வந்தேன்" என்றார்.

எழுதினேன். அறுநூற்று ஐம்பது வார்த்தை.
அதில் பனி பெய்தது,
அம்மா மெழுகுவர்த்தியாய் உருகினாள்,
நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தேன்.
அம்மா அதைத் திரையில் படித்துவிட்டுக் கேட்டாள்:
"பாவம் இந்தப் பொம்பளை. எப்போ செத்தா?"
"இன்னும் இல்லை."
"சிரிக்க வைக்காதே, குழாய் இழுக்குது."

அழித்தேன். மறுபடி எழுதினேன்:
பையை உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.
மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கும்.
நான் வைத்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது.
இப்படியே ஒரு பக்கம்.
கூடவே நோட்டிலிருந்து ஒரு தாள்,
காபிக் கறையோடு.

நாலு கல்லூரிகள் வருந்தின.
ஐந்தாவது,
மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன அரசுக் கல்லூரி,
'தற்காலிகமாக' என்று எழுதியது.
கோடையில் ஒரு கணக்கு வகுப்பு, பட்டத்தில் சேராது,
சி-க்குக் கீழே போனால் இடம் இல்லை.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு என்றாள் அம்மா.
நான் காலைப் பையை யார் மாற்றுவது என்று யோசித்தபடி
டேப் தேடினேன்.

தம்பி லூசியனுக்குப் பதினாலு.
சோப்புப் போட்டு அறுபது எண்ணச் சொல்லிக்கொடுத்தேன்;
முப்பதில் கள்ளத்தனமாக நிறுத்துவான்.
முதுகில் ஒன்று வைப்பேன்,
மறுபடி ஒன்றிலிருந்து.

ஜூலை. தசம எண்கள்.
"புள்ளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள்" என்கிறார் ஆசிரியை.
மேசைக்கடியில் போன் அதிர்கிறது.
லூசியன் அனுப்பிய படம்:
காலைப் பை, தட்டையாக, அடியில் என் கடிதம்.
வேறு தாள் கிடைக்கவில்லையாம்.
இரண்டு லிட்டர் தண்ணீரின் ஊடே
'தற்காலிகமாக',
ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது.
கலங்கவில்லை.

ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப்
பலகையைப் பார்க்கிறேன்.
செப்டம்பரில் அவனுக்கு
முதல் பீரியட் என்னவென்று கேட்க வேண்டும்.