பன்னிரண்டு நிமிட வெயில்

பீட்டர்ஹெட்டில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே கடையைச் சாத்திவிட்டுப்
போய்விடுகிறது சூரியன்.
கோழிப் பொரியல் கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே
ஊதா வெளிச்சம் கசியும் கதவுக்குப் பின்னால்
வெயில் நிமிடக் கணக்கில் கிடைக்கும்.
அறுபது நிமிடம் மொத்தமாக வாங்கினால்
விலை குறைவு.

ஐலிக்கு அங்கே வேலை.
ஒருவர் எழுந்து போனதும்
படுக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும்
வியர்வை முதுகைத் துடைத்து எடுக்க வேண்டும்
அடுத்த முதுகு வருவதற்குள்.

சுவரில் எச்சரிக்கைப் பலகை உண்டு. சட்டம்.
பலகைக்கு முன்னால்
முதலாளியம்மா வைத்த பிளாஸ்டிக் தென்னையும் உண்டு.
கீற்றுகளுக்கு இடையே தெரிவதைத்தான் படிக்க முடியும்:
…புற்று வரும் வாய்ப்பு…
…பதினெட்டு வயது நிரம்பாதவர்…
…கண்ணை மூடிக்கொண்டால் மட்டும் போ…
ஐலி தொட்டியை நகர்த்துவாள்.
மறுநாள் காலை அது திரும்பி வந்திருக்கும்
நடக்கத் தெரிந்த மரம் மாதிரி.

படிவமும் உண்டு.
மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இல்லை.
குடும்பத்தில் யாருக்காவது தோல் நோய்? இல்லை.
வெயிலில் சட்டென்று சிவக்கும் உடம்பா?
இல்லை என்று எழுதுகிறார்
புருவம்வரை புள்ளி தெறித்த ஒரு செந்தலைக்காரர்.
நூல் கட்டித் தொங்கவிட்ட அந்தப் பேனாவுக்கு
ஒரு சொல்தான் தெரியும்.

கண்மூடிகளை வாங்கிக்கொள்வார்கள், போடமாட்டார்கள்.
முகத்தில் வெள்ளை வட்டம் விழுமாம்.
அண்ணனின் உரிமத்தோடு வந்த பதினைந்து வயதுக்காரனை
ஐலி திருப்பி அனுப்பினாள்.
கண்ணாடிக் கதவில் துப்பிவிட்டுப் போனான்.
அதையும் அவளேதான் துடைத்தாள்.

ஷோனா பக்கன் நிறத்துக்கு வருபவள் இல்லை.
மீன் ஆலையில் எட்டு மணி நேரம்
ஐஸுக்குள் கை.
"வீட்டு ஹீட்டருக்கும் மீட்டர் ஓடுது,
இங்கயும் ஓடுது.
இங்கதான் எல்லாப் பக்கமும் ஒண்ணா சுடுது"
என்பாள்.
பன்னிரண்டு நிமிடம் யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள்.
அதுவும் விலையில் சேர்த்தி.

முதுகில் களிம்பு எட்டாது அவளுக்கு.
ஐலிதான் தடவுவாள்.
ஆகஸ்டில் இடது தோள்பட்டைக்குக் கீழே
ஒரு மிளகு.
அக்டோபரில் மிளகு கரைந்து
ஒரு பக்கமாக ஒழுகியிருந்தது.
இன்று அதில் இரண்டு நிறம்,
ஓரத்தில் துளி ரத்தம் காய்ந்து.

என் மொழியில் மச்சக்காரி என்றால்
அதிர்ஷ்டக்காரி.
அந்தச் சொல்லை இந்த அறைக்குள் கொண்டுவரக்
கூசுகிறது எனக்கு.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"
"வார் உரசுது. அவ்வளவுதான்."
"இன்னிக்கு மெஷினைப் போடமாட்டேன்."
"காசு கட்டியிருக்கேன், பொண்ணே."
"கட்டியிருக்கீங்க."

தன் முதுகு தனக்குத் தெரியாது.
ஐலி கைபேசியில் படம் எடுத்து நீட்டினாள்.
பெரிதாக்கி, தள்ளிப் பிடித்து,
வேறு யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தாள் ஷோனா.
பிறகு களிம்போடே சட்டையை மாட்டிக்கொண்டாள்.
பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன.
ஐலி சொல்லவில்லை.

மூன்று வாரம் ஆகிறது.
ஆலைப் பேருந்து அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது,
கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து
யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல்.
கல்லாப் பெட்டிக்குள் அவளுடைய அட்டை:
பாக்கி முப்பத்து நான்கு நிமிடம்.
காலாவதியானால் கிழித்துவிடச் சொல்கிறார் முதலாளியம்மா.

சனிக்கிழமை கல்யாணம் என்று
ஒருத்தி வந்து நிற்கிறாள், சாவிக்குக் கை நீட்டி.
ஐலி கொடுக்கிறாள்.
வாடகை அவளுக்கும் இருக்கிறது.
கொடுப்பதற்கு முன்னால் மட்டும்
"கொஞ்சம் திரும்புங்க" என்கிறாள்.
"எதுக்கு?"
"சும்மா. முதுகைப் பார்க்கணும்."